கொசுக்கடிக்கென்று வளர்த்த கோழிகள்

என் வீட்டுக்காரருக்கு அரசாங்கம் கொடுத்திருக்கும் வேலை, ஆறு கோழிகளைக் கொசு கடிக்கும்படி பார்த்துக்கொள்வது. கடிக்காமல் அல்ல, கடிக்கும்படி. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். நானும் முதல் தடவை கேட்டபோது வயிறு வலிக்கச் சிரித்தவள்தான். சம்பளம், சீருடை, குடியிருக்க ஒரு குவார்ட்டர்ஸ் எல்லாம் கொடுத்து இப்படியும் ஒரு வேலையா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. வேலை விஷயத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். நாங்கள் இருக்கும் இடம் ஊரின் கடைசி. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை நெல் வயல். வயலில் தண்ணீர் நின்றால் கொசு பெருகும், அந்தத் தண்ணீரைத் தேடிக் கொக்கும் நாரையும் வந்து இறங்கும். போதாததற்கு வாய்க்கால் கரையிலேயே ஒருவர் அறுபது பன்றிகள் வைத்திருக்கிறார். கொக்கின் உடம்பிலும் பன்றியின் உடம்பிலும் ஒரு கிருமி சத்தம் காட்டாமல் பெருகுமாம். அவற்றைக் கடித்த கொசு அந்தி நேரத்தில் மனிதரைக் கடிக்கும். கடிபட்டவர்களில் அநேகம் பேருக்கு ஒன்றும் ஆகாது. யாரோ ஒருவருக்கு அது மூளைக்காய்ச்சலாகத் திரும்பிவிடும். அந்த யாரோ பெரும்பாலும் குழந்தையாக இருக்கும். நாங்கள் இங்கே வருவதற்கு முன்பு ஒரு மழைக்காலத்தில் ஏழு குழந்தைகள் அப்படிப் படுத்தார்கள். நான்கு பேர் எழுந்து வந்தார்கள். அதில் ஒருத்தி இன்றைக்கும் வலது கையைத் தூக்க மாட்டாள்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கோழி ஏற்பாடு. கோழியைக் கொசு கடித்துக் கிருமி உள்ளே போனாலும் கோழிக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் அது வந்துபோன அடையாளம் இரத்தத்தில் தெரியும். அதனால் வாய்க்கால் ஓரத்தில் ஒரு கூண்டு வைத்து, மாதத்துக்கு இரண்டு தடவை இறக்கைக்கு அடியில் கொஞ்சம் இரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். ஆறும் சுத்தம் என்றால் ஊர் நிம்மதியாக இருக்கலாம். ஒன்றில் அடையாளம் தெரிந்தால் போதும், மனிதர் யாரும் படுப்பதற்கு முன்பே தடுப்பூசி, மருந்து என்று இறங்கிவிடுவார்கள். ஊரின் காவலே அந்த ஆறு கோழிகள்தான்.

இப்படிப்பட்ட காவலுக்கு மேற்பார்வை செய்ய இவரைப் போட்டார்கள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

ஏனென்றால் அதற்கு முன்னால் பதினோரு வருடம் அவர் புகை மெஷின் தூக்கியவர். தோளில் பட்டையை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கொசுவுக்குப் புகை போட்டவர். அந்த மெஷின் போடுகிற சத்தத்தில் அவருக்குக் காது பாதி போய்விட்டது. பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும். அதற்காகத்தான் இரக்கப்பட்டு இந்தச் சத்தமில்லாத வேலைக்கு மாற்றினார்கள். ஆனால் மனிதர் மாறினால்தானே? ஒரு கொசு சுவரில் உட்கார்ந்தால் சாப்பிடுகிற கையோடு எழுந்துபோய் அடிப்பார். கொசு என்றால் அவருக்குப் பங்காளிச் சண்டை. அப்படிப்பட்டவரைக் கூட்டிவந்து, இனிமேல் கொசு கடிக்கும், நீ சும்மா இரு என்றால் எப்படி இருப்பார்?

நான் வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறேன். ரவிக்கை, பள்ளிச் சீருடை, திரைச்சீலை என்று எது வந்தாலும் தைப்பேன். என் தையலில் நூல் பிரிந்தது என்று இதுவரை ஒருத்தரும் திரும்ப வந்ததில்லை. என் மெஷின் சத்தத்தையும் தாண்டி, மாலை ஆனால் எனக்கு இன்னொரு சத்தம் கேட்கும். கூண்டு எங்கள் சமையலறையிலிருந்து நாற்பது அடி தூரம், நடுவில் பம்பு அறை மறைப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கூண்டின் அடியில் தகரத் தட்டு. வெளிச்சம் மங்கினதும் கோழிகள் காலை உதறி உதறி அந்தத் தகரத்தில் அடிக்கும். டக் டக் என்று ஒரு மணி நேரம் ஓயாது. கொசு அவற்றின் காலில்தான் மொய்க்கும். அவருக்கு அந்தச் சத்தம் வீட்டிலிருந்து கேட்காது. அதனால் அவர் கூண்டுக்கே போய் உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தால் யாருக்குத்தான் மனசு கேட்கும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. கட்டினவள் ஒருத்தி இங்கே ஒண்டியாக உட்கார்ந்திருக்க, இவர் கோழிக்குக் கதை சொல்லப் போகிறார் என்று முணுமுணுப்பேன். அவருக்குக் காது கேட்காததில் இது ஒரு வசதி.

கோழிகளுக்கு ஆபீசில் நம்பர்தான், காலில் வளையம் போட்டிருக்கும். அதில் நாலாம் நம்பர் கொஞ்சம் நோஞ்சான். கொண்டை வீங்கிவிட்டது, கால் வீங்கிவிட்டது என்று அவர் சாப்பிடும்போதெல்லாம் அதன் புராணம்தான். எனக்கு முட்டி வீங்கினபோது இந்த மனிதர் இவ்வளவு வருத்தப்பட்டதில்லை என்று நான் சொன்னேன். அவர் அதைக் கேட்டாரா, கேட்காத மாதிரி இருந்தாரா, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள், கொசுவலைத் துணி ஒரு சுருள் வாங்கிக்கொண்டு வந்தார். கையில் ஒரு காகிதம், அதில் நீளம், அகலம், உயரம். ஆபீசில் கேட்டார்கள், அடியில் எலாஸ்டிக் வைத்து இறுக்கமாகப் பிடிக்கிற மாதிரி தைத்துக் கொடு என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் கட்டில் வலை கிழிந்து மூன்று வருடம் ஆகிறது. அதில் போட்ட ஒட்டுக்களைக் கூட்டினாலே இன்னொரு வலை ஆகும். வாங்கிக்கொண்டு வாருங்கள், தைக்கிறேன் என்று நான் கேட்காத நாளில்லை. ஆபீஸ் கேட்டதும் அன்றைக்கே துணி வந்துவிட்டது. இருந்தாலும் வேலை என்று வந்தால் நான் குறை வைக்க மாட்டேன். நாலு மூலைக்கும் இரட்டைத் தையல், அடியில் அகல எலாஸ்டிக், ஒரு பக்கம் திறந்து மூட மடிப்பு. ஒரு கொசு உள்ளே போக வேண்டுமென்றால் என்னிடம் அனுமதி வாங்க வேண்டும். அப்படித் தைத்துக் கொடுத்தேன்.

அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்தது. வாய்க்கால் நிரம்பி வயலோடு ஒன்றானது. கொக்கு கூட்டம் கூட்டமாக வந்து உட்கார்ந்தது. பன்றிக்காரர் வீட்டுப் பன்றிகள் குட்டி போட்டன. எங்கள் அதிகாரியம்மா கொசு பிடிக்கும் விளக்குக் கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். பூச்சிகளைப் பற்றிப் பெரிய படிப்பு படித்தவர், ஊரில் எல்லோரும் பூச்சி மேடம் என்றுதான் சொல்வார்கள். அது அவருக்கும் தெரியும். என் வாசலில் நின்று தண்ணீர் குடிக்கும்போது அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழை இருக்கிறது, தேங்கின தண்ணீர் இருக்கிறது, கொக்கு இருக்கிறது, புதுசாகப் பிறந்த பன்றிக்குட்டி இருக்கிறது, கொசு போன வருடத்தைவிட ஐந்து மடங்கு இருக்கிறது, வர வேண்டிய எல்லாமே வந்தாகிவிட்டது, கோழி மட்டும் சுத்தமாக இருக்கிறதே, எனக்குக் கணக்கு உதைக்கிறது என்றார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் கோழித் தீவன மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் நிமிரவே இல்லை. காது கேட்காத மனிதர் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆறும் சுத்தம் என்று நான்கு தடவை அறிக்கை போனது. அதனால் குழந்தைகளுக்கான தடுப்பூசி முகாமை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலதிகாரிகள் தள்ளிவைத்தார்கள். மருந்தை வேறு ஊருக்கு அனுப்பினார்கள். பன்றிக்காரருக்கு இரண்டு பெண் குழந்தைகள், ஐந்து வயது, மூன்று வயது. அவர் மனைவி என்னிடம் வந்து ஊசி எப்போது அக்கா என்று கேட்டாள். கோழிக்கே வரவில்லை, உனக்கென்ன அவசரம் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி அனுப்பினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அப்புறம் இவருக்குக் காய்ச்சல் வந்தது.

முதல் நாள் தலைவலி என்றார். இரண்டாம் நாள் அனலாகக் கொதித்தது. மூன்றாம் நாள் காலையில் எழுப்பினால் என்னைப் பார்த்து யாரம்மா நீ என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பன்றிக்காரர்தான் அவருடைய வண்டியைக் கொண்டுவந்தார். முந்தின நாள் எட்டுப் பன்றிகளை ஏற்றின வண்டி. அந்த நாற்றத்தில் நல்ல மனிதனுக்கே மயக்கம் வரும், இவருக்கு ஒரு நிமிடம் தெளிவு வந்தது. மூக்கைச் சுருக்கினார். இருக்கிறார், இருக்கிறார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர். வரிசையில் ஐம்பது பேர் காய்ச்சலோடு நிற்கிறார்கள். கழுத்தைப் பிடித்துப் பார்த்தார், கண்ணில் விளக்கு அடித்தார். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். வாய்க்கால் ஓரம் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பக்கம் மூளைக்காய்ச்சல் கிருமி இருக்கிறதா, யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். யாருக்காவது தெரியுமாவா? என் வீட்டுக்காரர் வேலையே அதுதானே. நான் சேலையைச் சரிசெய்துகொண்டு, இல்லை டாக்டர், ஆறு கோழியும் சுத்தம், போன வாரம்தான் பார்த்தார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. பூச்சி மேடத்துக்குப் போன் போட்டார். மேடமும் அதையே சொன்னார். டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அப்படியானால் பருவக் காய்ச்சலாக இருக்கும், படுக்கையும் இல்லை, காய்ச்சல் மாத்திரை தருகிறேன், மதியம் வரை வராந்தாவில் இருக்கட்டும், சூடு இறங்கினால் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்.

வராந்தா பெஞ்சில் அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஈரத் துணியை மாற்றி மாற்றிப் போட்டேன். அப்போதுதான் கண்ணைத் திறந்தார். என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். காது கேட்காதவர்களுக்கு மெதுவாகப் பேச வராது, ஆனால் அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினார்.

"இருட்டப் போகுது. கூண்டுக்கு வலையைப் போட்டுட்டு வா. காலையில மறக்காம கழட்டிடு. மேடம் பார்த்துடப் போறாங்க."

மணி அப்போது பகல் பதினொன்று. ஏதோ ஜுரத்தில் உளறுகிறார் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன். பிறகு எலாஸ்டிக் நினைவு வந்தது. நீளம், அகலம், உயரம் நினைவு வந்தது. இரண்டு மாதமாக மாலையில் என் காதில் அந்த டக் டக் சத்தம் விழவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோழிகள் சுத்தமாக இருந்ததற்குக் காரணம் ஊரில் கிருமி இல்லாதது இல்லை. கொசு அவற்றைத் தொடவே இல்லை. தொட முடியாதபடி நான் இரட்டைத் தையல் போட்டிருந்தேன்.

ஆபீசாவது, கேட்டதாவது. பொய் சொல்லத் தெரியாத மனிதர், வாழ்க்கையில் ஒரு பொய் சொன்னார், அதையும் என்னிடம் சொன்னார்.

உண்மையைச் சொல்கிறேன், உடனே எழுந்து ஓடவில்லை. நானும் சாதாரண மனுஷிதான். சொன்னால் அவர் வேலை போகும். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். பதினோரு வருடம் புகையைத் தின்று காதைக் கொடுத்த மனிதரைப் பேப்பரில் போட்டு நாறடிப்பார்கள். சும்மா இருந்தால்? மாத்திரையில் காய்ச்சல் இறங்கிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. சாயங்காலம் போய் வலையைக் கழற்றி அடுப்பில் போட்டால் முடிந்தது. இப்படியெல்லாம் யோசித்தேன், ஒளிக்க மாட்டேன். ஆனால் டாக்டர் இவரை வீட்டுக்கு அனுப்பப் போவது என் பேச்சை நம்பி. கோழி சுத்தம் என்று சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னவள் நான். வேலை போனால் நான் இன்னும் நாலு ரவிக்கை தைப்பேன். இவர் போனால் நான் என்ன தைப்பேன்?

அவர் தலைக்கடியில் துணிப்பையை வைத்துவிட்டு எழுந்தேன். பன்றிக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவருடைய போனை வாங்கித்தான் பேசினேன்.

"மேடம், கோழி சுத்தமில்ல. சுத்தமான்னே தெரியாது. ரெண்டு மாசமா சாயங்காலம் ஆனா இவரு வலை போட்டு மூடிட்டிருந்திருக்காரு. அதுங்கள கொசு கடிக்கவே இல்ல. வலை தைச்சது நான்தான்."

மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதை டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா என்று. இல்லை என்றேன். போனை அவரிடம் கொடுங்கள் என்றார்.

அடுத்த அரைமணி நேரத்தில் எல்லாமே மாறியது. இல்லாத படுக்கை எங்கிருந்தோ முளைத்தது. இவரை உள்ளே கொண்டுபோனார்கள். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள், இரத்தம் மூன்று குப்பி எடுத்தார்கள். மேடம் ஆபீஸ் ஜீப்பில் வந்து இறங்கினார். என்னைத் திட்டப் போகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் பெஞ்சில் என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்டார். நாலாம் நம்பருக்குக் கால் வீங்கிவிட்டது மேடம் என்றேன். எனக்கே அதைக் கேட்கச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கடிபடுவதால் கோழிகளுக்கு நோய் வராது என்று அவரிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன், வலிக்குமா என்று கேட்டார், வலிக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அங்கே விட்டேன் கோட்டை என்றார் மேடம்.

அன்றிலிருந்து சோதனை முடிவு வரும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. பகலில் ஆஸ்பத்திரி. மாலையில் கோழிகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் மேடம் என்னையே போகச் சொன்னார். வலையை அவரே கழற்றி, ஒரு காகித உறையில் போட்டு, மேலே தேதி எழுதி எடுத்துப்போய்விட்டார். தீவனம் போடுங்கள், தண்ணீர் வையுங்கள், வேறு எதுவும் செய்யக்கூடாது, எதுவுமே என்று இரண்டு தடவை சொன்னார்.

முதல் நாள் நான் அவர் உட்காருகிற கல்லில் உட்கார்ந்தேன். வெளிச்சம் மங்கினது. வயல் பக்கமிருந்து கொசு புகை மாதிரி எழுந்து வந்தது. நாலாம் நம்பர் ஒரு காலைத் தூக்கித் தகரத்தில் அடித்தது. மறு காலைத் தூக்கி அடித்தது. கழுத்தை வளைத்துக் காலைக் கொத்திக்கொண்டது. பிறகு என்னைப் பார்த்தது. என் முந்தானை தானாக என் கைக்கு வந்தது. அதை எடுத்து மூடினால் போதும், ஒரு நிமிட வேலை. இதை இந்த மனிதர் மூன்று வருடம் தினமும் பார்த்திருக்கிறார். நான் அவரைக் கோழிக்குக் கதை சொல்லுகிறவர் என்று கேலி செய்துகொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினேன். எழுந்து வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, எனக்குத் தெரிந்த அத்தனை தெய்வத்தையும் திட்டித் தீர்த்தேன்.

இரண்டாம் நாள் காலையில் டாக்டர் இவருடைய கெண்டைக்காலை லேசாக அமுக்கினார். இவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டு நர்ஸ் ஓடி வந்துவிட்டாள். கண்ணும் சிவந்திருந்தது. டாக்டர் என்னைப் பார்த்து, கூண்டுப் பக்கம் எலி வருமா என்றார். தீவன மூட்டை இருக்கும் இடத்தில் எலி வராமல் யானையா வரும் என்றேன். தேங்கின தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பாரா என்றார். அவருக்குச் செருப்பு போட்டே பழக்கம் இல்லை என்றேன். டாக்டர் அன்றைக்கே வேறு மருந்தை ஆரம்பித்தார். மறுநாள் முடிவு வந்தது. முதுகுத்தண்டு நீரில் மூளைக்காய்ச்சல் கிருமி இல்லை. இது எலிக்காய்ச்சல், மருந்துக்குக் கட்டுப்படும். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இரண்டு மூன்று நாளில் சிறுநீரகத்தைப் பிடித்திருக்கும், நீங்கள் சொன்னதால்தான் உள்ளே வைத்துப் பார்த்தேன் என்றார் டாக்டர்.

நான் சொன்னது ஒரு நோய்க்கு, பிழைத்தது இன்னொரு நோயிலிருந்து. எனக்கு அது எப்படியோ போகட்டும். போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா என்று அந்த வராந்தாவிலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன். பன்றிக்காரர் மனைவி எனக்குக் கட்டிக் கொடுத்திருந்த சோற்றை, மூன்று நாள் பசியையும் சேர்த்து, அங்கேயே தின்று தீர்த்தேன்.

நாலாம் நாள் அவருக்கு நன்றாகத் தெளிந்தது. என்னை யாரென்று தெரிந்தது. உடனே கேட்டது நாலாம் நம்பரைத்தான், அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நான் கதவைப் பார்த்தேன், யாரும் இல்லை. அவர் காதருகே குனிந்தேன்.

"வலை விஷயத்தை மேடம்கிட்ட சொல்லிட்டேங்க."

கத்துவார், கையைத் தட்டிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது.

"சொல்லிட்டியா," என்றார். "நல்லதும்மா. தினமும் சொல்லணும்னு போவேன். அந்தம்மா முகத்தைப் பார்த்தா வாய் வராது. ஒவ்வொரு தடவை சுத்தம்னு அறிக்கை போறப்பவும் எனக்குத் தூக்கம் போயிடும். அந்தப் பன்னிக்காரர் புள்ளைங்கதான் கண்ணுல வரும்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினார். இரண்டு மாதத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்குகிற மாதிரி மறுநாள் காலை வரை தூங்கினார்.

மேடம் ஆஸ்பத்திரிக்கு இவரைப் பார்க்கவும் வந்தார், நடுவில் தன் வேலையையும் நிறுத்தவில்லை. கோழிகளின் பழைய அறிக்கை செல்லாது, இனி ஆகப்போவதைப் பாருங்கள் என்று மேலதிகாரிகளுக்கு எழுதி, வேறு ஊருக்கு அனுப்பின தடுப்பூசியைச் சண்டை போட்டு வரவழைத்தார். வாய்க்கால் ஓரத்துக் குழந்தைகளுக்கு முதலில் போட்டார்கள். பன்றிக்காரரின் சின்னவள் ஊசி போட்ட அக்காவின் கையைக் கடித்து வைத்தாள். பன்றிக் கொட்டிலுக்கு வலை அடித்தார்கள், அதன் தையலும் என்னுடையதுதான். வயல்காரர்களோடு பேசி, வாரத்தில் ஒருநாள் தண்ணீரை வடித்து வயலைக் காயவிட ஏற்பாடு செய்தார்கள்.

மூன்று வாரம் கழித்து மேடம் எங்கள் வாசலில் வந்து நின்றார். இவர் அப்போது வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார், எலும்பும் தோலுமாக. வலை இல்லாமல் இருந்த கோழிகளின் இரத்தச் சோதனை முடிவு மேடம் கையில் இருந்தது. ஆறில் மூன்றுக்குக் கிருமி வந்துபோன அடையாளம். ஒன்று, ஐந்து, நாலு. கிருமி ஊருக்குள் இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஊசி போட்டு இருபது நாள் ஆகிறது, வாய்க்கால் ஓரத்தில் இன்றுவரை யாருக்கும் காய்ச்சல் இல்லை என்றார். அந்த மழைக்காலம் முழுவதும் யாரும் படுக்கவில்லை. இவருக்கு மேலிருந்து மெமோ ஒன்று வந்தது. அதற்குமேல் போகாமல் மேடம் பார்த்துக்கொண்டார். இந்தக் கூண்டுக்கு இனிமேல் இவரைவிடச் சரியான ஆள் எங்கே கிடைப்பார் என்று எழுதினாராம்.

போகும்போது அந்தக் காகித உறையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். என் வலை. இரண்டு மாதம் ராத்திரி மழையும் காற்றும் தாங்கியும் ஒரு நூல் பிரியவில்லை. பிரித்து, எங்கள் பழைய வலையின் நல்ல பாகத்தோடு சேர்த்துத் தைத்தேன். கட்டிலுக்கு ஒரு முழம் குறைகிறது. இவர் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று காலுக்கு மட்டும் ஒரு பை தைத்துச் சேர்த்தேன். தூங்குவதற்கு முன் அவரே நாலு மூலையையும் செருகுகிறார், என் பக்கத்தை முதலில்.

இப்போது அவர் மாலையில் கூண்டுக்குப் போய் உட்காருவதில்லை. காலில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போய், தீவனம் போட்டு, தண்ணீர் வைத்து, வெளிச்சம் மங்குவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். என் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய துணியில் பொத்தான் பிரித்துக் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் கை நின்றுவிடும். தலையைப் பின்வாசல் பக்கம் திருப்புவார். தன் காதில் எதுவும் விழாது என்று தெரியும், அதனால் என்னைக் கேட்பார்.

"அடிச்சுக்குதுங்களா?"

பம்பு அறைக்குப் பின்னாலிருந்து டக் டக் என்று ஆறும் தகரத்தில் அடித்துக்கொண்டிருக்கும். நாலாம் நம்பரின் அடி மட்டும் எனக்குத் தனியாகத் தெரியும், கொஞ்சம் இழுத்து அடிக்கும். நான் மெஷினை நிறுத்தி, காது கொடுத்துக் கேட்கிற மாதிரி ஒரு நிமிடம் இருப்பேன்.

"இல்லீங்க. தூங்கிடுச்சுங்க," என்பேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பொத்தானை எடுப்பார்.